ஆண் நாய்க்கு ரத்தத் துளி: ‘கிராஸ்’ போட்டால் சரியாகுமா?

கேள்வி இது: ஐந்தரை வயது ஆண் லேப்ரடார். வீட்டு நாய்தான், ஆனால் கேட் திறந்திருந்தால் சில சமயம் தெருவுக்கு ஓடிவிடும். உறுப்பின் நுனியில் மஞ்சளாகக் கொஞ்சம் கசிவு எப்போதும் இருக்கும். இப்போது இரண்டு வாரமாக, படுத்து எழுந்த இடத்தில் ரத்தத் துளி தெரிகிறது. சிறுநீர் போகிறது, சாப்பாடும் குறையவில்லை. இதுவரை எந்தப் பெட்டையோடும் சேர்ந்ததில்லை. ‘ஒரு தடவை கிராஸ் போடுங்க, சூடு இறங்கி எல்லாம் சரியாயிடும்’ என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். கிராஸ் போடலாமா? இல்லை, கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாமா? செய்தால் நாய் மந்தமாகிவிடுமா?

முதலில் நேரடியான பதில். கிராஸ் போடாதீர்கள், இந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். மஞ்சள் கசிவு பெரும்பாலும் ஒன்றுமில்லை. ரத்தத்துக்குக் கண்டிப்பாக ஒரு காரணம் இருக்கிறது. இந்த வயதில், விதை எடுக்காத ஆண் நாய்க்கு, அது அநேகமாக புராஸ்டேட் சுரப்பியின் வீக்கமாக இருக்கும். ஆனால் உங்கள் நாய் கேட்டைத் தாண்டி ஓடும் நாய் என்பதால் இன்னொரு சந்தேகத்தையும் விலக்கியாக வேண்டும். ‘எந்தப் பெட்டையோடும் சேர்ந்ததில்லை’ என்பதை, நீங்கள் பார்த்தவரை சேர்ந்ததில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பெட்டை நாய் வைத்திருப்பவர்களுக்கு ஹீட், கர்ப்பம், பிரசவம் என்று கவனிக்க ஏதாவது வந்துகொண்டே இருக்கும். ஆண் நாயின் பின்பக்கத்தை யாரும் தொட்டுப் பார்ப்பதே இல்லை. கூச்சம் பாதி, ‘அதுக்கு என்ன வந்துடப் போகுது’ என்ற நினைப்பு மீதி.

மஞ்சள் கசிவை முதலில் முடித்துவிடலாம். வயதுக்கு வந்த, விதை எடுக்காத ஆண் நாய்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இது உண்டு. உறுப்பை மூடியிருக்கும் தோலுறைக்குள் உதிரும் செல்களும் சுரப்பும் சேர்ந்து, மஞ்சளாகவோ லேசான பச்சையாகவோ ஓரிரு சொட்டு நுனியில் நிற்கும். நாயே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். சோபாவில் கறை படுகிறதே என்று டெட்டால், சாவ்லான், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் கலந்து உறைக்குள் பீய்ச்சுபவர்கள் இருக்கிறார்கள். அந்த மெல்லிய சவ்வு வெந்து, சும்மா இருந்த இடத்தில் நிஜமாகவே அழற்சி வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் வெளியே துடைத்தால் போதும். ஷிட்சு, லாசா மாதிரி முடி நீண்ட இனங்களுக்கு நுனி முடி சிறுநீரில் நனைந்து சடை பிடித்து நாறும். அதைக் கத்தரிக்கலாம், ஒட்டச் சிரைக்காமல் ஒரு சென்டிமீட்டராவது விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் முளைக்கும் முடி குத்தி அரிக்கும். கசிவு நிற்காமல் சொட்டினாலோ, நாற்றம் அடித்தாலோ, நாய் அதையே விடாமல் நக்கிக்கொண்டிருந்தாலோ, ரத்தம் கலந்தாலோ அதை நோயாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் நாய்க்கு ரத்தம் வந்திருக்கிறது. மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, ரத்தம் சிறுநீரோடு வருகிறதா, தனியாகச் சொட்டுகிறதா என்பதாக இருக்கும். சிறுநீர் முழுவதும் சிவந்திருந்தால் சிறுநீர்ப்பையில் கிருமி, கல், சிறுநீரகம் என்று யோசிக்க வேண்டும். சிறுநீர் தெளிவாக இருந்து, சும்மா படுத்திருக்கும்போது ரத்தம் சொட்டினால் புராஸ்டேட்டிலோ உறுப்பிலோ ஏதோ இருக்கிறது. நம் ஊரில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: உண்ணிக் காய்ச்சல். அதில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்து, மூக்கு, ஈறு, சிறுநீர் என்று எங்கிருந்து வேண்டுமானாலும் ரத்தம் கசியலாம். எலி மருந்து தின்ற நாய்க்கும் அப்படித்தான். அதனால் ரத்தப் பரிசோதனை எப்படியும் தேவைப்படும்.

இனி புராஸ்டேட். ஆண் நாய்க்கு விந்தோடு சேரும் நீரைச் சுரக்கும் பெரிய சுரப்பி இது ஒன்றுதான். மனிதர்களுக்கு இருக்கும் விந்துப்பை நாய்க்குக் கிடையாது. சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சுற்றி, மலக்குடலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். விதையில் உண்டாகும் டெஸ்டோஸ்டிரோன் இந்தச் சுரப்பிக்குள் போய் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாறி, வயது ஏற ஏற அதை வளர்த்துக்கொண்டே இருக்கும். விதை எடுக்காத நாய்களில் ஏறத்தாழ பாதிக்கு ஐந்து வயது வாக்கிலேயே இந்த வீக்கம் தொடங்கியிருக்கும். ஒன்பது வயதுக்குள் அநேகமாக எல்லாவற்றுக்கும் வந்துவிடும். பலவற்றுக்கு வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. இது புற்றுநோய் இல்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு புராஸ்டேட் தொல்லை பார்த்தவர்கள், நாய்க்கும் சிறுநீர் அடைத்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பார்கள். நாய்க்கு வேறு மாதிரி. மனிதனுக்கு அது உள்பக்கம் நெருக்கிச் சிறுநீர்க் குழாயை இறுக்கும். நாய்க்கு வெளிப்பக்கமாக வீங்கி மலக்குடலை அழுத்தும். அதனால் நாய் மலம் கழிக்க முக்கும், மலம் தட்டையாக வரும், வீட்டில் உள்ளவர்கள் மலச்சிக்கல் என்று நினைத்துப் பூசணிக்காயும் விளக்கெண்ணெயும் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் உங்கள் நாய்க்கு வருவது போல, சிறுநீருக்குச் சம்பந்தமே இல்லாமல் ரத்தத் துளி சொட்டும். மருத்துவர் கையுறை போட்டு மலவாய் வழியாக விரலை விட்டே இதைத் தொட்டுப் பார்த்துவிடுவார். இரண்டு பக்கமும் சமமாக, வலியில்லாமல் பெரிதாக இருந்தால் சாதாரண வீக்கம். தொட்டதும் நாய் கத்தினால், காய்ச்சல் இருந்தால், முதுகைக் குனித்து விறைப்பாக நடந்தால் கிருமித் தொற்று. ஒரு பக்கம் மட்டும் மேடுபள்ளமாக, கல்லாக இருந்தால் கவலைப்பட வேண்டும். அதன் பிறகு அல்ட்ராசவுண்ட், சிறுநீர்க் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை).

சாதாரண வீக்கத்துக்கு நிரந்தரத் தீர்வு விதையை எடுப்பதுதான். ஹார்மோன் வரத்து நின்றதும் சுரப்பி மளமளவென்று சுருங்கும். மூன்று வாரத்தில் பாதியளவுக்கு வந்துவிடும், ரத்தமும் அநேகமாக ஒரு மாதத்துக்குள் நின்றுவிடும். இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் நாய் என்றாலோ, மயக்க மருந்து கொடுக்க முடியாத உடல்நிலை என்றாலோ ஃபினாஸ்டரைடு மாத்திரை இருக்கிறது. ஆண்களுக்குக் கொடுக்கும் அதே மருந்துதான். விந்தின் அளவு குறையும், விந்தணுவுக்குப் பெரிய பாதிப்பு இருக்காது. நிறுத்தினால் வீக்கம் திரும்ப வரும். தாத்தாவின் மாத்திரையைப் பாதியாக உடைத்து நீங்களே கொடுத்துவிடாதீர்கள். அளவு எடைக்கு ஏற்ப மாறும். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் கையால் தொடவே கூடாது, வயிற்றில் இருக்கும் ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியை அது கெடுக்கும். ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டுச் சுருக்குவது பழைய வழக்கம். யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நாய்களில் அது எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடக் கூடியது.

கிருமித் தொற்று என்றால் ஒரு வார ஆன்டிபயாடிக் போதாது. புராஸ்டேட்டுக்குள் எல்லா மருந்தும் போய்ச் சேராது. நுழையக்கூடிய மருந்தாகப் பார்த்து, பெரும்பாலும் நான்கு வாரத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டியிருக்கும். நாய் தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்தினால் உள்ளே சீழ் கட்டும்.

அப்புறம் அந்த இன்னொரு சந்தேகம். தெருவில் திரியும் நாய்கள் நிறைய உள்ள ஊர்களில், ஆண் நாயின் உறுப்பிலிருந்து ரத்தம் சொட்டினால் தோலுறையைப் பின்னுக்குத் தள்ளி, அடிவரை பார்க்காமல் விடவே கூடாது. டி.வி.டி. (TVT) என்று மருத்துவர்கள் சொல்லும் பால்வினைக் கட்டி இருக்கலாம். காலிஃபிளவர் மாதிரி, சிவந்து, தொட்டால் ரத்தம் கசியும். ஆண் நாய்க்கு இது பெரும்பாலும் உறுப்பின் அடிப்பக்கத்தில் வருவதால் வெளியே தெரியாது. மாதக்கணக்கில் சிறுநீர்த் தொற்று என்று மருந்து கொடுத்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் உறையைத் தள்ளிப் பார்க்கும்போது கட்டி எலுமிச்சை அளவுக்கு வளர்ந்திருக்கும்.

இந்த நோய் ஒரு விசித்திரம், சொல்லாமல் இருக்க முடியவில்லை. வைரஸ் இல்லை, பாக்டீரியா இல்லை. புற்றுச் செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குத் தாவுகிறது. 1876-இல் ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி, கட்டியின் துண்டை எடுத்து வேறு நாயில் வைத்து அது வளர்வதைக் காட்டினார். உலகின் பல மூலைகளிலிருந்து 546 கட்டிகளின் மரபணுவைப் படித்து 2019-இல் வந்த ஆய்வு, இவை எல்லாமே சுமார் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன், அநேகமாக ஆசியாவில், ஒரே ஒரு நாயில் தோன்றிய புற்றின் வாரிசுகள் என்று கணித்தது. அந்த நாய் செத்து எத்தனையோ ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது, அதன் செல்கள் இன்னும் தெருத்தெருவாகத் திரிகின்றன. இணை சேரும்போது மட்டுமல்ல, நக்கினாலும் மோந்தாலும்கூட ஒட்டிக்கொள்ளும். மூக்கிலிருந்து ரத்தம் வரும் நாய்களில் சிலவற்றுக்கு மூக்குக்குள் இதே கட்டி இருக்கும்.

நல்ல செய்தி, இது குணமாகும். வின்கிரிஸ்டின் ஊசி வாரம் ஒன்று, நான்கு முதல் எட்டு வாரம் வரை. பெரும்பாலான நாய்கள் முழுதாகத் தேறிவிடுகின்றன. ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். மருந்து ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் அந்த இடமே அழுகும், அதனால் கை தேர்ந்தவர்தான் போட வேண்டும். அந்த மருந்து எடுக்கப்படுவது நம்மூர் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் அதற்காகவே பயிரிடுகிறார்கள். அதற்காக நித்தியகல்யாணி இலையை அரைத்து நாய்க்குக் கொடுக்கக் கிளம்பிவிடாதீர்கள், செடி விஷம். கட்டியை வெட்டி மட்டும் எடுத்தால் பல சமயம் திரும்ப வரும். ஊசிகள் முடிந்து, கட்டி முழுதாக மறைந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை நாயை வேறு நாய்களோடு விடக் கூடாது.

இப்போது ‘கிராஸ்’ விஷயத்துக்கு வரலாம். இணை சேராததால் ஆண் நாய்க்கு எந்த நோயும் வராது. ‘சூடு’ உள்ளே தேங்கி நிற்காது. விந்து சிறுநீரோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், மீதியை உடலே உறிஞ்சிக்கொள்ளும். புராஸ்டேட் வீக்கத்துக்கும் இணை சேர்வதற்கும் தொடர்பில்லை. நூறு பெட்டையோடு சேர்ந்த நாய்க்கும் அது வரும். கோபம் குறையும், அமைதியாகும் என்பதும் நடக்காது. பழகிய ஆண் நாய் அடுத்த முறை ஹீட்டில் இருக்கும் பெட்டையின் வாசனை வந்தால் இன்னும் அதிகமாகத்தான் அலையும். ரத்தம் சொட்டும் நாயைக் காரணம் தெரியாமல் இன்னொருவர் வீட்டுப் பெட்டையோடு விடுவது அந்தப் பெட்டைக்குச் செய்யும் துரோகம். குட்டியில் பங்கு, ஸ்டட் கட்டணம் (இணை சேர்க்க ஆண் நாயைத் தருவதற்கான பணம்) என்று ஆசை காட்டுபவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

உண்மையிலேயே நல்ல வம்சத்து நாய், குட்டி எடுக்க வேண்டும் என்றால் அது தனிக் கதை. இரண்டு வயது வாக்கில் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே, விந்துப் பரிசோதனை, முக்கியமாக புருசெல்லா பரிசோதனை. நாய்களுக்கான புருசெல்லா கிருமியை 1966-இல் அமெரிக்காவில் பீகிள் நாய்களிடம் கார்மைக்கேல் கண்டுபிடித்தார். ஆண் நாய்க்கு விதையும் அதன் மேலிருக்கும் விந்துக் குழலும் வீங்கும், பிறகு விதை சுருங்கி மலடாகும். பெட்டைக்கு ஏழு, எட்டு வாரச் சினையில் குட்டி கலையும். ஆன்டிபயாடிக்கால் முழுதாக ஒழிவதில்லை, மனிதருக்கும் தொற்றும். ஆண் நாயின் சொந்தக்காரர் பெட்டையின் சான்றைக் கேட்க வேண்டும், பெட்டையின் சொந்தக்காரர் ஆண் நாயின் சான்றைக் கேட்க வேண்டும். நம்மூரில் இரண்டு பேரும் வம்சாவளிச் சான்றிதழ் ஒன்றை மட்டும் நீட்டிக்கொள்கிறார்கள்.

விந்தணு உருவாகி முதிர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். இன்று வரும் விந்து, இரண்டு மாதத்துக்கு முன் நாய் எப்படி இருந்தது என்பதைச் சொல்கிறது. கத்திரி வெயிலில் வாடியிருந்தாலோ, உண்ணிக் காய்ச்சலில் கிடந்திருந்தாலோ எண்ணிக்கை குறைந்திருக்கும். ஒரு பரிசோதனையை வைத்து மலடு என்று முடிவு கட்டாமல், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

இணை சேரும்போது ஆண் நாயின் உறுப்பின் அடிப்பகுதி வீங்கி உள்ளே மாட்டிக்கொள்ளும். இரண்டும் முதுகோடு முதுகாகப் பத்து நிமிடம், அரை மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் நிற்கும். இது இயற்கை. தெருவில் இப்படி நின்றால் கல்லெறிவது, தண்ணீர் ஊற்றுவது, பிடித்து இழுப்பது எல்லாம் வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்த நேரத்தில் இழுத்தால் பெட்டையின் பிறப்புறுப்பு கிழியும், ஆண் நாயின் உறுப்புக்குள் இருக்கும் எலும்பும் முறியலாம். அப்படியே விட்டுவிடுங்கள். அந்த அடிவீக்கம் கொஞ்சம் உற்சாகம் வந்தாலே எழும்பும். தோலுறைக்கு மேல் இரண்டு பக்கமும் உருண்டையாகத் தெரிவதைக் கட்டி என்று நினைத்து, ராத்திரி பதினொரு மணிக்கு மருத்துவரைக் கூப்பிடுபவர்கள் உண்டு. அரை மணி நேரத்தில் வற்றிவிட்டால் அது கட்டி இல்லை.

வற்றாமல், உறுப்பு வெளியே வந்தது உள்ளே போகாமல் நின்றுவிட்டால் அவசரம். ரத்த ஓட்டம் தடைபட்டு ஊதா நிறமாக மாறும், சில மணி நேரத்தில் திசு செத்துப்போகும். துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து வைத்து, சர்க்கரையைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்துத் தடவினால் வீக்கம் வடியும். தண்ணீரில் கரையும் ஜெல்லி தடவி, உள்ளே மடங்கியிருக்கும் முடியை விலக்கி, உறையை முன்னால் இழுத்து மூடப் பாருங்கள். நாயை நக்க விடாதீர்கள். சில நிமிடங்களில் போகவில்லை என்றால் இரவானாலும் கிளம்ப வேண்டும். அதே அவசரம் இன்னொன்றுக்கும்: காலைத் தூக்கிக்கொண்டு முக்குகிறது, சிறுநீர் ஒரு சொட்டும் வரவில்லை. உறுப்பு எலும்புக்குப் பின்னால் குழாய் குறுகும் இடத்தில் கல் சிக்கியிருக்கும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினால் நாய் போய்விடும்.

விதைகளைப் பற்றி. மாதம் ஒரு தடவை, குளிப்பாட்டும்போது, இரண்டையும் விரலால் உருட்டிப் பாருங்கள். ஒரே அளவு, ஒரே மென்மை, வலி இல்லை என்றால் சரி. ஒன்று பெரிதாகி மற்றது சுருங்கினால், கல்லாகத் தட்டுப்பட்டால், கட்டி. எட்டு வயதுக்கு மேல் இது சாதாரணமாக வரும், பெரும்பாலும் பரவாது, எடுத்துவிட்டால் முடிந்தது. ஒரு வகைக் கட்டி மட்டும் பெண் ஹார்மோனைச் சுரக்கும்: ஆண் நாய்க்கு முலைக்காம்பு பெரிதாகும், இரண்டு விலாவிலும் சமமாக முடி கொட்டும், மற்ற ஆண் நாய்கள் இதன் பின்னால் சுற்றும். தோல் நோய் என்று மாதக்கணக்கில் ஷாம்பூ மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் திடீரென்று விதை வீங்கிச் சூடாகி, நாய் கால் அகட்டி நடந்தால் அது தொற்று, அன்றைக்கே காட்டுங்கள்.

குட்டி வாங்கும்போதே இதைப் பார்த்திருக்க வேண்டும். எட்டு வாரத்தில் இரண்டு விதையும் பையில் இறங்கியிருக்கும். ஆறு மாதத்துக்குள் இறங்காவிட்டால் இனி இறங்காது. உள்ளே தங்கிவிட்ட விதையில் புற்று வரும் வாய்ப்பு சுமார் 13 மடங்கு அதிகம் என்று பழைய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. அது முறுக்கிக்கொண்டு உயிருக்கும் ஆபத்தாகலாம். ஊசி போட்டு இறக்கிவிடலாம் என்பதை நம்பாதீர்கள். இறங்கியது, இறங்காதது இரண்டையும் எடுத்துவிட வேண்டும். ஒற்றை விதை நாயாலும் குட்டி போட வைக்க முடியும் என்பதுதான் சிக்கலே. குறை மரபு வழியில் இறங்குவது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை மாதிரி எண்ணிக்கையே குறைந்துபோன நம் இனங்களில், ‘அழகான நாய், ஒண்ணுதானே இல்ல’ என்று அப்படி ஒரு நாயை ஸ்டட்டாக வைப்பது அந்த இனத்துக்கே கெடுதல்.

விதைப்பையின் தோல் மிக மெல்லியது. வீட்டில் பினாயில் போட்டுத் துடைத்த தரையில் ஈரம் காயும் முன்னால் நாய் உட்காரும். இரண்டு நாளில் பை சிவந்து, உரிந்து, நக்கி நக்கிப் புண்ணாகும். உண்ணி மருந்து தேடி, களிம்பு தேடி அலைவதற்கு முன் தரை துடைப்பதை மாற்றிப் பாருங்கள். மே மாதத்து மொட்டை மாடித் தரையும் அதைத்தான் செய்யும். வயதான நாய்களுக்கு மலவாயைச் சுற்றி வரும் சிறு கட்டிகள், மலவாய் அருகே ஒரு பக்கமாகப் புடைக்கும் குடலிறக்கம் இரண்டுக்கும் விதை ஹார்மோனோடு தொடர்பு உண்டு என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

சரி, கருத்தடை. எல்லா ஆண் நாய்க்கும் குட்டியிலேயே செய்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 35 இனங்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர் போன்ற பெரிய இனங்களில் ஒரு வயதுக்கு முன் விதை எடுத்தால் மூட்டுக் கோளாறுகள் கூடின. பெரும்பாலான சிறிய இனங்களில் அந்த வித்தியாசம் இல்லை. எலும்பு வளர்ந்து முடிய விதையின் ஹார்மோன் வேண்டும். பெரிய இனம் என்றால் ஒன்றரை வயது, இரண்டு வயது வரை பொறுக்கலாம், அதுவரை கேட்டைப் பூட்டி வைக்க முடிந்தால். முடியாது, தெருவில்தான் திரியும் என்றால் கணக்கே வேறு. அடிபட்டும் கடிபட்டும் டி.வி.டி. வாங்கியும் சாவதை விட மூட்டுவலி பரவாயில்லை. புராஸ்டேட் புற்றிலிருந்து கருத்தடை காப்பாற்றாது என்பதையும் சொல்ல வேண்டும். அது அபூர்வமான நோய், விதை எடுத்த நாய்களில் கொஞ்சம் அதிகமாகவே காணப்படுகிறது. விதை எடுத்து வருடக்கணக்கான நாய்க்குப் புதிதாக புராஸ்டேட் பெருத்தால், அதைச் சாதாரண வீக்கம் என்று விடக் கூடாது.

உங்கள் நாய் ஐந்தரை வயது, எலும்பு முதிர்ந்துவிட்டது. புராஸ்டேட் வீக்கம்தான் என்று உறுதியானால் விதை எடுப்பதே சிகிச்சை. நான் தயங்க மாட்டேன். விதையை வைத்துக்கொண்டு விந்துக்குழாயை மட்டும் வெட்டும் வாசக்டமி இதற்கு உதவாது, ஹார்மோன் அப்படியே இருக்கும். தோலடியில் வைக்கும் டெஸ்லோரெலின் என்ற மருந்து விதையைத் தற்காலிகமாக உறங்க வைக்கும், 4.7 மில்லிகிராம் வில்லை சுமார் ஆறு மாதத்துக்கு வேலை செய்யும். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பழக்கத்தில் உள்ளது. அறுவைக்கு முன் ரத்தப் பரிசோதனை, குறிப்பாகத் தட்டணு எண்ணிக்கை கட்டாயம். உண்ணிக் காய்ச்சல் ஒளிந்திருக்கும் நாயை மேசையில் படுக்க வைத்தால் ரத்தம் நிற்காது.

மந்தமாகிவிடுமா என்றால், அதிகம் மாறுவது ஊர் சுற்றும் ஆசை. பெட்டை வாசனைக்கு ஓடுவது பெரும்பாலான நாய்களுக்குக் குறையும். வீட்டில் சிறுநீர் தெளிப்பது, ஆண் நாய்களோடு சண்டை எல்லாம் சிலவற்றுக்குக் குறையும், சிலவற்றுக்குக் குறையாது. பயத்தால் கடிக்கும் நாய்க்கு இதனால் பலன் இல்லை, சில சமயம் பயம் கூடவும் செய்யும். காவல் காப்பது, விளையாடுவது, உங்களைப் பார்த்து வாலாட்டுவது எல்லாம் அப்படியேதான் இருக்கும். மந்தம் என்று பார்ப்பவர்கள் சொல்வது பெரும்பாலும் எடை. ஆபரேஷனுக்குப் பிறகு பசி கூடும், உடல் எரிக்கும் சக்தி குறையும். லேப்ரடார் ஏற்கனவே தின்னப் பிறந்தது. சோற்றைக் கால் பங்கு குறையுங்கள், பால் சாதம், பிஸ்கட் நிறுத்துங்கள், நடையை விடாதீர்கள். தையல் ஆறும்வரை பத்துப் பதினைந்து நாள் கழுத்தில் கூம்பு போட்டு வையுங்கள். குழாய்களில் மிச்சமிருக்கும் விந்தணுவால் சில வாரம் வரை பெட்டைக்குச் சினை பிடிக்கக் கூடும். ஒரு மாதம், ஒன்றரை மாதம் கேட் பூட்டியே இருக்கட்டும்.

மருத்துவரிடம் போகும்போது ரத்தம் சொட்டுவதை, சிறுநீர் கழிப்பதை, மலம் கழிப்பதை மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். கிளினிக்கில் நாய் எதையும் செய்து காட்டாது. காலையில் முதல் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்து இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோங்கள். உறையைக் கழுவிவிட்டுப் போக வேண்டாம். தோலுறையை அடிவரை தள்ளிப் பார்க்கும்படியும், மலவாய் வழியாக புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்க்கும்படியும் நீங்களே கேளுங்கள். கூட்டத்தில் இரண்டும் விட்டுப்போகிற பரிசோதனைகள். பக்கத்தில் அல்ட்ராசவுண்ட் இல்லை என்றால், சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு பக்கம் இருப்பவர்களுக்கு அங்கங்கே கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள், கல்ச்சரில் கிருமி வளராமல் போய்விடும்.